ராக்கெட் நேரலையில் கேட்கும் வார்த்தைகளுக்கு என்னதான் அர்த்தம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இஸ்ரோ நேரலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்தால் நெருப்பும் புகையும் முதல் ஒரு நிமிடம்தான். அதற்கப்புறம் கால் மணி நேரத்துக்கு ஒரு குரல் ஏதேதோ சொல்லிக்கொண்டே இருக்கும், கட்டுப்பாட்டு அறையில் திடீரென்று எல்லோரும் கைதட்டுவார்கள், நாமும் தட்டுவோம். எதற்குத் தட்டினோம்? அதைச் சொல்லத்தான் இந்தப் பக்கம். அந்த வார்த்தைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் ஒரு ராக்கெட் கவிழ்ந்த கதையோ, கவிழாமல் தப்பித்த கதையோ இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு பார்க்கும்போது அந்தக் கால் மணி நேரம் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும், சத்தியமாக. இயற்பியல் படித்திருக்க வேண்டிய அவசியமில்லை.

கவுன்ட்டவுன் என்றால் பத்து, ஒன்பது, எட்டுதானே? செய்தியில் 25 மணி நேரம் என்கிறார்களே?

பத்து, ஒன்பது, எட்டெல்லாம் கடைசிக் காட்சி. சந்திரயான்-3ஐச் சுமந்த எல்.வி.எம்.3 ராக்கெட்டுக்கு கவுன்ட்டவுன் 25 மணி 30 நிமிடம். 2023 ஜூலை 13 மதியம் 1.05க்கு ஆரம்பித்தது, மறுநாள் பிற்பகல் 2.35க்குக் கிளம்பியது. அந்த நேரம் முழுக்க வேலைதான்: தொட்டிகளை நிரப்புவது, வால்வுகளைச் சோதிப்பது, பேட்டரி, கணினி, சிக்னல் என்று ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பது. நிரப்புவதிலும் வரிசை உண்டு. சாதாரண வெப்பத்தில் சும்மா இருக்கக்கூடிய திரவங்களை முன்னாடியே நிரப்பிவிடலாம். திரவ ஆக்சிஜனும் திரவ ஹைட்ரஜனும் அப்படி இருக்காது, தொட்டிக்குள் போனதிலிருந்து கொதித்து ஆவியாகிக்கொண்டே இருக்கும், அதனால் அவற்றைக் கடைசியில் நிரப்பி, கிளம்பும் நேரம் நெருங்கும்வரை குறையக் குறைய ஊற்றிக்கொண்டிருப்பார்கள்.

கடைசிப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் "ஆட்டோமேட்டிக் லாஞ்ச் சீக்வன்ஸ்" என்று ஒரு அறிவிப்பு வரும். மிஷன் டைரக்டர் அனுமதி கொடுத்துவிட்டார், இனி கணினிதான் நடத்தும் என்று பொருள். இதைக் காது கொடுத்துக் கேளுங்கள். இதற்குப் பிறகு ராக்கெட்டை நிறுத்துவதென்றால் பெரும்பாலும் கணினிதான் நிறுத்தும்.

"ஹோல்டு" என்றால் பயப்பட வேண்டுமா?

வேண்டாம், சந்தோஷப்படலாம். கவுன்ட்டவுனை நடுவில் நிறுத்திவைப்பதுதான் ஹோல்டு. ஏதோ ஒன்று சரியில்லை என்று தரையில் இருக்கும்போதே கண்டுபிடித்துவிட்டார்கள்.

2023 அக்டோபர் 21 அன்று ககன்யான் திட்டத்தின் சோதனை ராக்கெட் டி.வி-டி1 கிளம்ப வேண்டியது காலை 8 மணிக்கு. வானிலையால் 8.45க்குத் தள்ளிப்போனது. கடைசியில் 5 விநாடி மிச்சம் இருக்கும்போது கணினி நிறுத்திவிட்டது. என்ன கோளாறு என்று பார்த்து, சரிசெய்து, அதே நாள் 10 மணிக்கு ஏவினார்கள், வெற்றியாகவும் முடிந்தது.

இதைவிட நெஞ்சு பதறும் சம்பவம் 2001 மார்ச் 28. ஜி.எஸ்.எல்.வி.யின் முதல் பயணம். அந்த ராக்கெட்டில் நடுவில் ஒரு பெரிய திட எரிபொருள் மோட்டார், சுற்றி நான்கு திரவ எரிபொருள் ஸ்ட்ராப்-ஆன், அதாவது பக்கவாட்டில் கட்டிய துணை எஞ்சின்கள். திட எரிபொருளுக்கு ஒரு குணம், ஒருமுறை பற்றிக்கொண்டால் தீரும்வரை அணைக்க முடியாது. அதனால் திரவ எஞ்சின்கள் நான்கையும் 4.8 விநாடி முன்னாலேயே பற்றவைத்துவிட்டு, நான்கும் முழு உந்துதலோடு வேலை செய்கின்றனவா என்று கணினி பார்க்கும், அப்புறம்தான் நடு மோட்டாருக்கு உத்தரவு போகும். அன்றைக்கு நான்கில் ஒன்று போதிய உந்துதல் தரவில்லை. கணினி அந்தச் சில விநாடிக்குள் அதைக் கண்டுபிடித்து மற்ற மூன்றையும் அணைத்தது. தீயும் புகையும் எழுந்தது, ராக்கெட் இடத்தை விட்டு அசையவில்லை. நூறு டன்னுக்கு மேல் திட எரிபொருள் பற்றாமல் அப்படியே நின்றது. மூன்றே வாரத்தில், ஏப்ரல் 18 அன்று, அதே ராக்கெட் பறந்தது. இந்திய விண்வெளி வரலாற்றில் எனக்கு ரொம்பப் பிடித்த "தோல்வி" இதுதான்.

"ஸ்கரப்" என்றால்?

இன்றைக்குக் கிடையாது, இன்னொரு நாள் பார்க்கலாம். அமெரிக்கர்கள் அதிகம் சொல்லும் வார்த்தை, இஸ்ரோவில் "கால்டு ஆஃப்" என்பார்கள். 2019 ஜூலை 15 அதிகாலையில் சந்திரயான்-2 கிளம்ப 56 நிமிடம் இருக்கும்போது நிறுத்தினார்கள், ஒரு வாரத்தில் 22ஆம் தேதி கிளம்பியது. 2013 ஆகஸ்ட் 19 அன்று ஜி.எஸ்.எல்.வி-டி5 கிளம்ப 74 நிமிடம் இருக்கும்போது இரண்டாம் அடுக்கில் எரிபொருள் கசிவது தெரிந்தது (ஒன்று எரிந்து கழன்றதும் அடுத்தது பற்றும்படி ராக்கெட்டில் வைத்திருக்கும் பகுதிகள்தான் அடுக்குகள்). அந்த அடுக்கையே மாற்றிவிட்டு 2014 ஜனவரி 5 அன்று ஏவினார்கள்.

"லாஞ்ச் விண்டோ"... ஜன்னலா? அதைத் தவறவிட்டால் என்ன ஆகும்?

நாம் நிற்கும் பூமி சுற்றுகிறது, போய்ச் சேர வேண்டிய இடமும் நகர்கிறது. இரண்டும் தோதாக அமையும் நேரம்தான் விண்டோ. சில பயணங்களுக்கு அது ஒரு நிமிடம்கூட இருக்காது. செவ்வாய்க்கு என்றால் சுமார் 26 மாதத்துக்கு ஒருமுறைதான் நல்ல வாய்ப்பு. மங்கள்யான் 2013 நவம்பர் 5 அன்று அவசரமாகக் கிளம்பியதற்கு அதுதான் காரணம், விட்டிருந்தால் 2016 வரை காத்திருக்க வேண்டும்.

இப்போது இன்னொரு தொந்தரவும் சேர்ந்திருக்கிறது. மேலே சுற்றும் பழைய குப்பையும் மற்ற செயற்கைக்கோள்களும் அந்தப் பாதையில் குறுக்கே வருமா என்று கணக்குப் போட்டுத்தான் நேரம் குறிக்கிறார்கள். 2023 ஜூலை 30 அன்று பி.எஸ்.எல்.வி-சி56 காலை 6.30க்குப் பதிலாக 6.31க்குப் போனது அதற்காகத்தான்.

ராக்கெட் கிளம்பிவிட்டது. "கிரவுண்ட்-லிட்", "ஏர்-லிட்" என்கிறார்களே?

பி.எஸ்.எல்.வி-எக்ஸ்.எல் வகையில் முதல் அடுக்கைச் சுற்றி ஆறு சின்ன மோட்டார்கள் கட்டியிருக்கும், ஒவ்வொன்றிலும் சுமார் 12 டன் திட எரிபொருள். அதில் நான்கு தரையிலேயே பற்றும். மிச்சம் இரண்டும் ஏறக்குறைய 25 விநாடி கழித்து ஆகாயத்தில் பற்றும். ஆறையும் ஒரே நேரத்தில் பற்றவைத்தால் அடர்த்தியான காற்றுக்குள்ளேயே வேகம் எகிறிவிடும், அது ராக்கெட்டின் உடம்புக்கு ஆகாது.

அதுதான் மேக்ஸ்-கியூவா?

அதேதான். வேகம் கூடக்கூட காற்று ராக்கெட்டை அழுத்தும் விசை கூடும். ஆனால் மேலே போகப்போக காற்றே குறையும். இந்த இரண்டும் இழுபறி நடத்தி, அழுத்தம் உச்சத்துக்கு வந்து இறங்கத் தொடங்கும் கணத்துக்குப் பெயர் மேக்ஸ்-கியூ. பெரும்பாலான ராக்கெட்டுகளுக்கு இது 10 முதல் 15 கி.மீ. உயரத்துக்குள் வரும். திரவ எஞ்சின் என்றால் அந்த நேரம் உந்துதலைக் குறைத்துக்கொள்ளலாம். திட மோட்டாரைக் குறைக்க முடியாதே என்று கேட்டால், அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள்: எரிபொருளை வார்க்கும்போதே உள்ளே இருக்கும் துளையின் வடிவத்தைக் கணக்கிட்டு அமைத்துவிடுகிறார்கள். அமெரிக்க விண்வெளி ஓடத்தின் பக்கவாட்டு மோட்டார்கள் கிளம்பி 50 விநாடி ஆனதும் தாமாகவே மூன்றில் ஒரு பங்கு உந்துதலைக் குறைத்துக்கொண்டதற்கு அந்தத் துளையின் வடிவம்தான் காரணம்.

எப்போது பார்த்தாலும் "பெர்ஃபார்மன்ஸ் நார்மல்", "நாமினல்". வேறு வார்த்தையே கிடையாதா?

அந்த வார்த்தை வந்துகொண்டே இருப்பதுதான் வேண்டியது. திரையில் ஒரு வரைபடம் ஓடும் பாருங்கள், அதில் ஏற்கெனவே போட்டுவைத்த ஒரு கோடு இருக்கும், அதன் மேலேயே இன்னொரு கோடு நகர்ந்துகொண்டு வரும். முதல் கோடு ராக்கெட் எப்படிப் போக வேண்டும் என்ற கணக்கு, இரண்டாவது அது உண்மையில் போகிற வழி. இரண்டும் ஒட்டிப் போகும்வரை நாமினல்.

நேரலையில் நான் அந்தக் குரலைவிட அந்தக் கோட்டைத்தான் நம்புவேன். 2025 மே 18, பி.எஸ்.எல்.வி-சி61. முதல் இரண்டு அடுக்கும் அச்சு அசலாகக் கணக்குப்படி போனது. மூன்றாம் அடுக்கு, திட மோட்டார், எரிந்துகொண்டிருக்கும்போதே அதன் உள்ளழுத்தம் குறைந்துவிட்டது, கோடு பிரிந்துவிட்டது. அதோடு பயணம் முடிந்தது. நேரலையில் "சேம்பர் பிரஷர்" என்று கேட்டால் அது இந்த உள்ளழுத்தம்தான், மோட்டாருக்கு அதுதான் நாடித்துடிப்பு.

"ஹைபர்கோலிக்" என்றால்? பெயரைக் கேட்டாலே வியாதி மாதிரி இருக்கிறது!

இரண்டு திரவங்கள் ஒன்றையொன்று தொட்டதும் தாமாகவே பற்றிக்கொள்ளும், அதற்குத்தான் அந்தப் பெயர். தீப்பொறி வேண்டாம், பற்றவைக்கத் தனிக் கருவி வேண்டாம், வால்வைத் திறந்தால் போதும். பி.எஸ்.எல்.வி.யின் இரண்டாம் அடுக்கில் இருக்கும் விகாஸ் எஞ்சின் அப்படித்தான் ஓடுகிறது: ஹைட்ரசீன் வகை எரிபொருள் ஒரு பக்கம், நைட்ரஜன் டெட்ராக்சைடு இன்னொரு பக்கம். இந்த எஞ்சின்களைச் சோதிக்கும் இடம் நம்ம திருநெல்வேலிச் சீமையில், மகேந்திரகிரியில் இருக்கிறது.

நல்லது என்னவென்றால் எத்தனை முறை வேண்டுமானாலும் அணைத்துப் பற்றவைக்கலாம். சந்திரயான்-3 லேண்டர் நிலவில் இறங்கி 11 நாள் கழித்து, 2023 செப்டம்பர் 3 அன்று, எஞ்சின்களை மறுபடி பற்றவைத்து சுமார் 40 செ.மீ. எழும்பி, கொஞ்சம் தள்ளிப் போய் உட்கார்ந்தது ஞாபகம் இருக்கிறதா? அந்தக் குதி இந்தத் திரவங்களின் தயவு.

கெட்டது, இரண்டுமே விஷம். ஹைட்ரசீன் மூச்சில் போனாலும் தோலில் பட்டாலும் ஆபத்து, நைட்ரஜன் டெட்ராக்சைடு செம்பழுப்புப் புகை கக்கும். நிரப்புகிறவர்கள் தலை முதல் கால்வரை மூடிய உடையில், தனியாகக் காற்று எடுத்துக்கொண்டு வேலை செய்கிறார்கள். முன்னே சொன்ன 2013 கசிவு இந்த வகை எரிபொருள்தான். 74 நிமிடத்தில் கிளம்ப வேண்டியது கசிகிறது என்றால் அங்கே இருந்தவர்கள் மனது எப்படி அடித்துக்கொண்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

கிரையோஜெனிக் எஞ்சினை ஏன் இவ்வளவு பெருமையாகப் பேசுகிறார்கள்?

பெருமைப்பட வேண்டிய விஷயம், அதான். கடுங்குளிரில் வைத்த திரவங்களை எரித்து ஓடும் எஞ்சின் அது. திரவ ஆக்சிஜன் மைனஸ் 183 டிகிரி, திரவ ஹைட்ரஜன் மைனஸ் 253 டிகிரி. அந்தக் குளிரில் உலோகம் சுருங்கும், சில உலோகம் நொறுங்கும், குழாயில் துளி ஈரம் இருந்தாலும் உறைந்து அடைத்துக்கொள்ளும். இந்தக் குளிரான திரவத்தை, நிமிடத்துக்குப் பல்லாயிரம் முறை சுற்றும் பம்ப் உறிஞ்சி, ஒரு சாண் தள்ளி ஆயிரக்கணக்கான டிகிரியில் எரியும் அறைக்குள் தள்ள வேண்டும்.

இதை ரஷ்யாவிடமிருந்து கற்றுக்கொள்ள இந்தியா 1991இல் ஒப்பந்தம் போட்டது. ஏவுகணைத் தொழில்நுட்பம் பரவும் என்று சொல்லி அமெரிக்கா 1992இல் தடை விதித்தது, அழுத்தம் தாங்காமல் ரஷ்யா தொழில்நுட்பத்தைத் தராமல் தயார் எஞ்சின்களை மட்டும் கொடுத்தது. அப்புறம் நாமே செய்தோம். 2010 ஏப்ரல் 15 அன்று முதல் இந்திய கிரையோஜெனிக் எஞ்சின் பறந்தபோது, ஹைட்ரஜனைத் தள்ளும் பூஸ்டர் பம்ப் ஏறக்குறைய ஒரு விநாடி வேலை செய்து நின்றுபோனது, ராக்கெட் கடலில் விழுந்தது. அதற்குப் பிறகு வெற்றி கிடைத்தது 2014 ஜனவரி 5 அன்றுதான். ஆமாம், கசிவால் நிறுத்தி மறுபடி ஏவிய அதே டி5. அன்றைக்கு கட்டுப்பாட்டு அறையில் தட்டிய கைதட்டலுக்கு இருபது வருஷ வட்டி இருக்கிறது.

இவ்வளவு பாடு எதற்கு? விகாஸே போதாதா?

இங்கேதான் "ஸ்பெசிஃபிக் இம்பல்ஸ்" வருகிறது. எஞ்சினின் சிக்கனத்தைச் சொல்லும் எண், விநாடியில் சொல்வார்கள். ஒரு கிலோ எரிபொருளை வைத்துக்கொண்டு ஒரு கிலோ எடைக்குச் சமமான உந்துதலை எத்தனை விநாடி தர முடியும் என்று கணக்கு. திட மோட்டார் சுமார் 270 விநாடி, விகாஸ் சுமார் 290, எல்.வி.எம்.3இன் கிரையோஜெனிக் எஞ்சின் சி.இ-20 சுமார் 440. மேல் அடுக்கில் இந்த வித்தியாசம் டன் கணக்கில் சுமையாக மாறும். எல்.வி.எம்.3 நான்கு டன் செயற்கைக்கோளைத் தூக்குவது இதனால்தான்.

"ஹீட் ஷீல்டு செபரேட்டட்!" இதற்கு ஏன் அப்படிக் கைதட்டுகிறார்கள்? ஒரு மூடி கழன்றதற்கா?

அந்த மூடி கழலாமல் போன நாளைச் சொல்கிறேன். 2017 ஆகஸ்ட் 31, பி.எஸ்.எல்.வி-சி39. உச்சியில் ஐ.ஆர்.என்.எஸ்.எஸ்-1எச் என்ற வழிகாட்டிச் செயற்கைக்கோள். காற்று உரசும் சூட்டிலிருந்து அதைக் காப்பாற்ற இரண்டு பாதியாகச் செய்த கூடு மூடியிருக்கும். 100 கி.மீ.யைத் தாண்டியதும் காற்றே இல்லை, கூடு வெறும் பாரம், அதைப் பிளந்து உதறிவிட வேண்டும். அன்றைக்குப் பிளக்கவில்லை.

எஞ்சின் எல்லாம் ஒழுங்காக எரிந்தது. ஆனால் சுமார் ஒரு டன் தேவையில்லாத எடையைச் சுமந்துகொண்டு ஓடியதால் வேகம் போதவில்லை, வரைபடத்துக் கோடு கீழே இறங்கியது. கடைசியில் உத்தரவுப்படி செயற்கைக்கோள் ராக்கெட்டிலிருந்து கழன்றது, கூட்டுக்குள்ளேயே கழன்றது. வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே மாட்டிக்கொண்டது. உழைத்துச் செய்த செயற்கைக்கோள், ஒரு குறையும் இல்லாதது, ஒரு மூடி திறக்காததால் வீணானது. அதற்குப் பதிலாக ஐ.ஆர்.என்.எஸ்.எஸ்-1I என்ற செயற்கைக்கோள் 2018 ஏப்ரல் 12 அன்று போனது. அதிலிருந்து அந்த அறிவிப்பு வரும்வரை நான் சுவாசத்தைப் பிடித்துக்கொண்டுதான் பார்க்கிறேன்.

நடுவில் "கோஸ்டிங்" என்று சொல்லிவிட்டு எல்லோரும் சும்மா உட்கார்ந்திருக்கிறார்களே?

எஞ்சினை அணைத்துவிட்டு, வந்த வேகத்திலேயே ராக்கெட் மேலேறுகிறது. வேண்டிய உயரம் வந்ததும் கடைசி அடுக்கு பற்றி, பக்கவாட்டு வேகத்தைச் சேர்க்கும். டீ போட எழுந்து போக இதுதான் நேரம்.

பெரிஜி, அப்போஜி?

சுற்றுப்பாதை வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாக இருந்தால், பூமிக்கு மிக அருகில் வரும் இடம் பெரிஜி, மிகத் தள்ளிப் போகும் இடம் அப்போஜி. அருகில் வரும் எண்தான் உயிர்நாடி. 2022 ஆகஸ்ட் 7 அன்று எஸ்.எஸ்.எல்.வி. என்ற சின்ன ராக்கெட்டின் முதல் பயணம். மூன்று அடுக்கும் எரிந்தது, செயற்கைக்கோள்களும் கழன்றன, எல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் பார்த்தவர்கள் நினைத்தார்கள். 356 கி.மீ. உயரத்தில் வட்டப்பாதை வேண்டும், கிடைத்தது 356க்கு 76. எழுபத்தாறு கிலோமீட்டரில் காற்று இருக்கிறது. அங்கே வந்து உரசியதும் வேகம் போய் விழவேண்டியதுதான், விழுந்தது.

காரணம் இன்னும் வேதனை. இரண்டாம் அடுக்கு கழலும்போது வந்த அதிர்வில் வேகமாற்றத்தை அளக்கும் சென்சார்கள் சற்று நேரம் திணறின. சென்சார் எல்லாமே கெட்டுவிட்டது என்று மென்பொருள் எடுத்துக்கொண்டு, ஆபத்துக் காலத்துக்கான வழிக்கு மாறிவிட்டது, அந்த வழியில் போதிய வேகம் வரவில்லை. அடுத்த பயணம் 2023 பிப்ரவரி 10, அது சரியாகப் போய்ச் சேர்ந்தது.

அமெரிக்கர்கள் மூன்று நாளில் நிலவுக்குப் போனார்கள், சந்திரயான் ஏன் ஒரு மாதத்துக்கும் மேல் சுற்றியது?

அப்பல்லோ 11ஐத் தூக்கிய சாட்டர்ன்-5 ராக்கெட் ஏறக்குறைய 3,000 டன். எல்.வி.எம்.3 640 டன். அவர்கள் ஒரே தள்ளில் போனார்கள், நாம் "ஆர்பிட் ரெய்சிங்" செய்தோம். ஊஞ்சலை ஒவ்வொரு முறையும் சரியான இடத்துக்கு வரும்போது மட்டும் தள்ளுகிறோம் இல்லையா, அப்படி, பூமிக்கு அருகில் பெரிஜிக்கு வரும்போது எஞ்சினைக் கொஞ்ச நேரம் எரிக்க வேண்டும். அங்கே வேகம் அதிகம் என்பதால் எரித்த எரிபொருளுக்குப் பலனும் அதிகம். ஒவ்வொரு சுற்றிலும் அப்போஜி எட்டிப்போகும். சந்திரயான்-3 ஜூலை 14 அன்று கிளம்பி, ஆகஸ்ட் 1 அன்று நிலவை நோக்கித் திரும்பி, 5ஆம் தேதி நிலவின் பிடியில் சேர்ந்து, 23ஆம் தேதி இறங்கியது. இதைக் கஞ்சத்தனம் என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடே கிடையாது. கையில் இருக்கும் ராக்கெட்டை வைத்துக்கொண்டு நிலவில் இறங்கக் கணக்குத் தெரிய வேண்டும்.

"டாக்-லெக்" என்கிறார்களே, அது என்ன நாய்க்கால்?

பாதை நேராகப் போகாமல் முட்டி மடங்கிய மாதிரி நடுவில் வளைவதைச் சொல்கிறார்கள். இது நம்ம ஊரோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது.

பூமியை வடக்கு தெற்காகச் சுற்றும் செயற்கைக்கோளை ஏவ ராக்கெட் தெற்கே போக வேண்டும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே விட்டால் வழியில் இலங்கை. எரிந்து முடிந்த அடுக்குகள் மக்கள் வாழும் இடத்தில் விழக் கூடாது, அதனால் முதலில் தென்கிழக்கே கடல் மேல் போய், இலங்கையைத் தாண்டியபிறகு வளைந்து தெற்குப் பக்கம் திரும்ப வேண்டும். வேகமாகப் போகும் ராக்கெட்டைத் திருப்புவது லேசுப்பட்ட காரியமில்லை, எரிபொருளைத் தின்றுவிடும். பி.எஸ்.எல்.வி. பெரிய ராக்கெட், தாக்குப்பிடித்துவிடும். 500 கிலோவைத் தூக்குவதற்காகச் செய்த எஸ்.எஸ்.எல்.வி.க்கு அந்த வளைவிலேயே சுமக்கும் திறனில் பெரும் பங்கு போய்விடும்.

குலசேகரன்பட்டினம் ஏவுதளம் அதற்காகத்தான். திருச்செந்தூருக்குப் பக்கத்தில், தசராவுக்குக் கூட்டம் அலைமோதும் அதே குலசை. 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள், 2,000 ஏக்கருக்கு மேல் நிலம். அங்கிருந்து தெற்கே பார்த்தால் கடல்தான், இலங்கை கிழக்கே ஒதுங்கிவிடுகிறது, ராக்கெட் நேராகப் போகலாம். நிலம் கொடுத்தவர்களும் அந்தக் கடலில் தொழில் செய்யும் மீனவர்களும் இதில் என்ன பெறப்போகிறார்கள் என்பதையும் ராக்கெட்டைப் பார்க்கும் அதே அக்கறையோடு பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

"சன்-சிங்க்ரோனஸ்"?

அப்படித் தெற்கும் வடக்குமாகச் சுற்றும் பாதையில் ஒரு விசேஷ வகை. உங்கள் ஊருக்கு மேலே அந்தச் செயற்கைக்கோள் எப்போது வந்தாலும் அதே உள்ளூர் நேரத்தில் வரும். நிழல் ஒரே மாதிரி விழுவதால் இந்த மாதப் படத்தையும் போன மாதப் படத்தையும் பக்கத்தில் வைத்து ஏரி எவ்வளவு வற்றியது, பயிர் எவ்வளவு வளர்ந்தது என்று பார்க்கலாம். பூமி நடுவில் சற்றே புடைத்திருப்பதால்தான் இது நடக்கிறது. அந்தப் புடைப்பின் ஈர்ப்பு, பாதையை நாளைக்கு ஒரு டிகிரி அளவுக்குத் திருப்பிக்கொண்டே இருக்கிறது.

விண்வெளியில் ஈர்ப்பே இல்லையாமே?

இருக்கிறது. சர்வதேச விண்வெளி நிலையம் சுற்றும் 400 கி.மீ. உயரத்தில் பூமியின் ஈர்ப்பு தரையில் இருப்பதில் ஏறக்குறைய 90 சதவீதம். நிலையமும் உள்ளே இருப்பவர்களும் சேர்ந்தே விழுந்துகொண்டிருக்கிறார்கள், பக்கவாட்டு வேகத்தால் பூமியில் மோதாமல் சுற்றுகிறார்கள், அதனால்தான் மிதப்பது.

செயற்கைக்கோளைச் சுற்றி மின்னுவது தங்கமா?

பெரும்பாலும் கிடையாது. கேப்டான் (Kapton) என்ற பிளாஸ்டிக் படலம், இயற்கையிலேயே தேன் நிறம், உள்பக்கம் அலுமினியப் பூச்சு. பல அடுக்காகப் போர்த்தினால் வெயில் பக்கத்துச் சூடும் நிழல் பக்கத்துக் குளிரும் உள்ளே இறங்காது. கிலோ என்ன விலை என்று கேட்கும் மாமாக்களுக்கு இந்தப் பதிலை அனுப்பிவிடுங்கள்.

ஆதித்யா-எல்1 சூரியனுக்குப் பக்கத்தில் இருக்கிறதா?

பூமியிலிருந்து 15 லட்சம் கி.மீ. தூரத்தில் இருக்கிறது, சூரியனோ 15 கோடி கி.மீ. நூறில் ஒரு பங்கு தூரம்தான் போயிருக்கிறது. எல்1 புள்ளியில் இரண்டு ஈர்ப்பும் சேர்ந்து, பூமியோடு கூடவே சூரியனைச் சுற்றிவர விடுகின்றன, அதனால் கிரகண மறைப்பு இல்லாமல் நாள் முழுக்க சூரியனைப் பார்க்கலாம். சரியாக அந்தப் புள்ளியில் நின்றால் பின்னால் இருக்கும் சூரியனின் இரைச்சலில் சிக்னல் மூழ்கிவிடும். ஆகவே புள்ளியைச் சுற்றி ஒரு பெரிய வளையம் போடுகிறது, அதுதான் "ஹேலோ ஆர்பிட்". 2024 ஜனவரி 6 அன்று அங்கே சேர்ந்தது. திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி, செங்கோட்டைக்காரர்.

வெடித்துவிட்டால்கூட "அனாமலி" என்றுதான் சொல்வார்களா? ஏன் மழுப்ப வேண்டும்?

முதல் நிமிடத்தில் யாருக்கும் காரணம் தெரியாது. தெரியாததை ஊகித்துச் சொல்லாமல், கணக்கிலிருந்து விலகியது என்பதை மட்டும் சொல்லும் வார்த்தை அது. 2021 ஆகஸ்ட் 12 அன்று ஜி.எஸ்.எல்.வி-எஃப்10இல் கிரையோஜெனிக் அடுக்கு சரியாக இயங்கவில்லை, "பெர்ஃபார்மன்ஸ் அனாமலி" என்று அறிவித்தார்கள். ஹைட்ரஜன் தொட்டியின் ஒரு வால்வு கசிந்து அழுத்தம் குறைந்ததுதான் காரணம் என்று விசாரணையில் பிறகு தெரிந்தது. ஸ்பேஸ்எக்ஸ்காரர்கள் வெடிப்பதற்கு "திட்டமிடாத அதிவேகப் பிரிகை" என்று ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், ஆங்கில முதலெழுத்தில் ஆர்.யு.டி. 2023 ஏப்ரல் 20 அன்று ஸ்டார்ஷிப்புக்கு அந்தப் பெயரைத்தான் பயன்படுத்தினார்கள்.

"டெஸ்ட்ரக்ட்" என்பது வேறு. பாதை மாறிய ராக்கெட் ஊர்ப்பக்கம் வராமல் இருக்க நாமே அழித்துவிடுவது. 2010 டிசம்பர் 25, ஜி.எஸ்.எல்.வி-எஃப்06. உத்தரவைக் கொண்டுபோகும் கேபிள் இணைப்புகள் பறக்கும்போதே கழன்றுவிட, கட்டுப்பாடு போய்விட்டது. கிளம்பிய சுமார் ஒரு நிமிடத்தில் வங்கக் கடலுக்கு மேல் அழித்தார்கள். அந்தப் பொத்தானுக்குப் பொறுப்பானவர் யோசித்துக்கொண்டு நிற்க முடியாது.

கடைசி அடுக்கு மேலேயே குப்பையாகக் கிடக்குமா?

முன்பு அப்படித்தான். இப்போது பி.எஸ்.எல்.வி.யின் நான்காம் அடுக்கில் கருவிகளைப் பொருத்தி, வேலை முடிந்த பிறகும் சில மாதம் ஆய்வுக்கூடமாக ஓட்டுகிறார்கள், "போயம்" என்று பெயர். 2024 டிசம்பர் 30 அன்று போன போயம்-4இல் 8 தட்டைப்பயறு விதைகளை ஒரு பெட்டியில் வைத்து அனுப்பினார்கள், 4 நாளில் முளைவிட்டது. அந்த அடுக்கு உயரம் குறைக்கப்பட்டு 2025 ஏப்ரல் 4 அன்று வளிமண்டலத்தில் நுழைந்து முடிந்துபோனது.

நேரில் பார்க்க முடியுமா?

முடியும். ஸ்ரீஹரிகோட்டாவில் பொதுமக்களுக்கான பார்வை மாடம் 2019இல் திறந்தது, சுமார் 5,000 பேர் உட்காரலாம். சதீஷ் தவான் விண்வெளி மையத்தின் இணையதளத்தில் ஒவ்வொரு ஏவுதலுக்கும் சில நாள் முன்னால் பதிவு திறப்பார்கள், சீக்கிரம் தீர்ந்துவிடும். அடையாள அட்டை அவசியம். சென்னையிலிருந்து சூலூர்பேட்டைக்குப் புறநகர் ரயில் இருக்கிறது, அங்கிருந்து தீவுக்குள் சாலை. நாலைந்து கிலோமீட்டருக்கு மேல் தள்ளித்தான் உட்கார வைப்பார்கள், 7 கி.மீ. என்று வைத்துக்கொண்டால் சத்தம் வந்துசேர 20 விநாடி ஆகும். முதலில் சத்தமே இல்லாமல் மேலேறுவதைப் பார்த்து ஏதோ கோளாறு என்று பதற வேண்டாம். ஏவுதல் தள்ளிப்போகும் வாய்ப்பு எப்போதும் உண்டு, ஊருக்குத் திரும்பும் டிக்கெட்டை மறுநாளைக்கு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.